மேக்கணக்கு

எண்களை எரிப்பது என் வேலை.
மாலை ஆறுக்கு இரும்புக் கதவு திறக்கும்,
சார்ஜன்ட் டாசன் சாக்கை வெளியே தள்ளுவான்.
கடைசித் தாளும் கறுத்துச் சுருளும் வரை
பக்கத்திலேயே நிற்பான்.
பிறகு சாம்பலைக் குச்சியால் நான் கிண்ட வேண்டும்.
கருகிய தாளிலும் எழுத்து வெள்ளியாய் நிற்குமாம்,
நின்றால் யாரோ வந்து படிப்பானாம்.
அப்புத்தளைக்கு மேலே, இந்தப் பனிக்குள்,
யார் வந்து படிப்பது, நரியா?

மேக்கணக்கில் தேயிலை முடிகிற இடம்.
அதற்கு மேல் டர்பன்டைன் மரங்கள்,
அதற்கும் மேல் ஒன்பது கம்பம்,
கம்பத்துக்குக் கம்பம் கம்பி. காற்றில் முனகும்.
லயத்தில் கேட்டால்
பட்டாளத்துக் கிளப்பு என்று சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன். சிரித்துவிட்டுக் கொழுந்துக்குப் போனார்கள்.

ஜன்னல் இடுக்கில் பார்த்திருக்கிறேன்:
பதினொரு பேர், அதில் நாலு பெண்கள்,
காதில் கறுப்புக் கிண்ணங்கள்,
பென்சில் மட்டும் ஓடும்.
ஐந்து எண், ஒரு இடைவெளி.
ஐந்து எண், ஒரு இடைவெளி.
எனக்கு அது புதிதில்லை.
தராசடியில் கணக்கப்பிள்ளை கூவுவதும் அப்படித்தான்,
பதினாலு, பதினொண்ணு, பதினாறரை,
கூடைக்கு ரெண்டு றாத்தல் கழிவு.
இங்கே கழிவு கிடையாது.
கடல் சொன்னது சொன்னபடி விழும்.

மாசிக் கடைசியில்
செம்பட்டை மயிர் மிஸ்ஸி ஒருத்தி
கிண்ணத்தைக் கழற்றிவிட்டு வெளியே வந்து
என் நெருப்பில் கைகாட்டி நின்றாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
"ரங்கூன்" என்றாள், புகையைப் பார்த்து.
அவள் பாஷையில் எனக்குத் தெரிந்த ஒரே ஊர்.
நாங்கள் தின்னும் அரிசிக்குப் பேரே அதுதான்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை,
ஸ்டோரில் அரிசி அளக்கும் பெட்டி
பாதி வரிசையில் நின்றது.
"கப்பல் சுணக்கம்" என்றார் பெரிய கிளாக்கர்.
வரிசையில் பேச்சாயி நின்றாள். பின்னால் நான்.
வாயைத் திறந்தால் தூக்கு என்று
கைநாட்டு வைத்த விரலை
வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றேன்.
ராத்திரி குரக்கன் மாவைக் கிண்டியபடி கேட்டாள்:
"அடுத்த கிழமை வந்துரும்ல?"
வந்துரும் என்றேன்.

அவள் அண்ணன் மாயழகு
சிலாங்கூருக்குப் பால் வெட்டப் போனவன்.
சயாமில் தண்டவாளம் போடப் பிடித்துப்போனார்கள் என்று
யுத்தம் முடிந்து ஒருவன் வந்து சொன்னான்.
எங்கே விழுந்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை.
இப்போதும் யோசிக்கிறேன்,
ஏதாவது ஒரு தாளில் அவன் இருந்திருப்பானா,
இத்தனை கூலி, இத்தனை மைல், இத்தனை காய்ச்சல் என்று
ஐந்து எண்ணுக்குள் ஓர் எண்ணின் ஓரத்தில்.
அதையும் நான்தான் கொளுத்தினேனா.
கொளுத்தி, கிண்டினேனா,
பொடியாகும் வரை.

கம்பங்களைச் சாய்த்து லாரியில் ஏற்றினார்கள்.
உடைந்த பீங்கான் குமிழ் ஒன்று கிடந்தது,
பேச்சாயி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.
டாசன் என் கையைக் குலுக்கினான்.
சீட்டு எதுவும் தரவில்லை.
நடக்காத இடத்துக்கு யார் சீட்டுத் தருவார்கள்?

பதுளைக் கச்சேரியில், அஞ்சு வருசம் கழித்து,
மேசைக்கு அந்தப் பக்கத்து மனிதர்
தலை நிமிராமல் கேட்டார்:
"இடைவிடாமல் இந்த நாட்டில்தான் இருந்தீரா?"
இருந்தேன்.
"நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து வரை
தோட்டத்துச் செக்ரோலில் உமக்குப் பேர் இல்லையே.
எங்கே போயிருந்தீர்?"
மேக்கணக்குக்கு, ஐயா.
"தாள் இருக்கிறதா?"

ஜன்னலுக்கு வெளியே
கச்சேரிப் பியூன் பழைய கோப்புகளுக்குத்
தீ வைத்துக்கொண்டிருந்தான்.
மழையில் நனைந்த கட்டு, பிடிக்கவில்லை.
அடியில் குச்சியை விட்டுக் காற்றுக் கொடுக்க வேண்டும்.
அவனுக்குத் தெரியவில்லை.